கண் போய் விழுகிற இடம்

"இரண்டு வேளைகளுக்கு இடையே, கமா, குறைந்தது எட்டு மணி நேர இடைவெளி தேவை, புள்ளி" என்று நான் வாசித்து முடித்தபோது அண்ணியின் சிவப்புப் பேனா அடுத்த வரிக்குப் போயிருந்தது. மேசை ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த டீ கோப்பையை உள்ளே தள்ளி வைக்க எழுந்தேன். அப்போது தற்செயலாக அவர் முன்னாலிருந்த அச்சுத் தாளைப் பார்த்தேன். அதில் எட்டு இல்லை, மூன்று இருந்தது. அண்ணி அந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டார். "என்ன நின்னுட்ட? படி" என்றார். நான் உட்கார்ந்து அடுத்த வரியைப் படித்தேன். அந்த வரியில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருந்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் இருக்கும். நீங்கள் பிரித்துப் பார்க்காமல் தூக்கி எறிவீர்களே, அதேதான். அதை அச்சடிக்கும் நிறுவனத்தில் பிழை திருத்தும் அறை எங்களுடையது. மருந்து நிறுவனம் அனுப்பிய மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்து. எதிரே உட்கார்ந்திருப்பவர் அச்சுக் கோத்த தாளில் கண்ணை ஓட்டி, நான் சொல்வதும் அங்கே இருப்பதும் வேறாக இருந்தால் நிறுத்திச் சுழிக்க வேண்டும். முடிந்ததும் இருவரும் தாளின் மூலையில் சுருக்கொப்பம் இடுவோம். பதினோரு வருடமாக நான் படிக்கிறேன், அண்ணி பார்க்கிறார். அதனால் அலுவலகத்தில் எனக்கு வானொலி என்று பெயர், அவருக்குப் பூதக்கண்ணாடி. அவர் என் சொந்த அண்ணனின் மனைவி. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அறையில் இத்தனை வருடம் ரத்தம் சிந்தாமல் இருந்ததை எங்கள் குடும்பத்தில் இன்னும் நம்பாதவர்கள் உண்டு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வது அண்ணிக்காகவே வந்த பேச்சு. எறும்பு அளவு எழுத்தில் ஒரு புள்ளி தடித்திருந்தாலும் பிடித்துவிடுவார். வீட்டிலும் சும்மா இருக்க மாட்டார். கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்து நீட்டுகிறவர்கள் அவர் படித்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்டவருக்கு நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காலையில் தலை சுற்றி, குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டி வந்தது. சிறுமூளையில் சின்ன அடைப்பு. கை, கால், பேச்சு எல்லாம் மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டன. கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

முதல்முறை பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். அண்ணன் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன். எந்த நேரம் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டு அழைப்பார்கள் என்று தெரியாது. சின்ன அறை. ஒரு தாங்கியில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, திரையில் தாவும் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். கண்ணை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பரிசோதகர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் அவசரமே இல்லை.

"கண்ணு வழுக்கிக்கிட்டுப் போறதா நாம நினைக்கிறோம். அது தாவுது. படிக்கும்போது வினாடிக்கு மூணு நாலு தடவ. தாவுற நேரத்துல சரியா ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் மாத்தி மாத்திப் பாருங்க. உங்க கண்ணு நகர்றத உங்களால பாக்கவே முடியாது" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் கண்ணாடி முன் கால் மணி நேரம் நின்றேன். உண்மைதான். என் கணவர் பின்னால் வந்து நின்று, "இத்தன வருஷத்துல இப்பதான் மூஞ்சியப் பாக்கறியா?" என்று கேட்டார்.

அண்ணியின் வரைபடத்தையும் அந்தப் பெண் காட்டினாள். நம்முடைய கண் என்றால் கோடு படிக்கட்டு போல நேராக ஏறி நிற்குமாம். அண்ணியின் கோடு படியைத் தாண்டி மேலே போய், பிறகு இறங்கி வந்து நின்றது. நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும் பஸ் போல. ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். ஒரு தாவலுக்கு எவ்வளவு விசை கொடுப்பது என்று அளந்து கொடுக்கிற இடத்தில்தான் அடைப்பு வந்திருக்கிறது என்றாள். "பாதியில திருத்த முடியாது, அவ்வளவு வேகம். போய் விழுந்த பிறகுதான் மூளை பாக்கும், ஐயோ தாண்டிட்டோம்னு. அடுத்த தாவலுக்குக் கொஞ்சம் கம்மியா விசை குடுக்கும். அதுக்கடுத்ததுக்கு இன்னும் கொஞ்சம். மிச்சம் இருக்கிற பகுதி மெல்ல மெல்லக் கத்துக்கும். நெறைய படிங்க."

அண்ணி படித்தார். டாக்டர் அனுமதித்ததும் வேலைக்கும் திரும்பினார். அவர் வருவதற்கு முந்தின நாள் எங்கள் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையில் எப்போதும் எஃகு அளவுகோல் செருகியிருப்பதால் அவரை ஸ்கேல் சார் என்போம். மனிதரும் அப்படித்தான், வளைய மாட்டார், ஆனால் கோணலும் கிடையாது. "இது மருந்துத் தாள்மா. எனக்கும் அவங்க மேல மரியாத உண்டு. ஆனா ஒரு தப்பு வெளிய போச்சுன்னா யாரோ ஒருத்தர் மாத்திரைய மாத்தி முழுங்குவார். வாராவாரம் உங்க தாள் சிலத எடுத்து நானே மறுபடி பாப்பேன். சரிவரலன்னா கட்டுப் போடுற பகுதிக்கு அனுப்பிடுவேன்" என்றார். சம்பளம் குறையாது என்றும் சொன்னார். கட்டுப் போடும் பகுதியில் ஐம்பது ஐம்பதாக எண்ணி நாடா ஒட்ட வேண்டும். அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை.

அந்த மூன்றை நான் பார்த்தது அண்ணி திரும்பி வந்த இரண்டாம் நாள். மதிய உணவுக்கு எல்லோரும் கீழே இறங்கினார்கள். தொண்டை கட்டியிருக்கிறது, பேசாமல் இருக்கிறேன் என்று சொல்லி நான் அறையிலேயே தங்கினேன். அண்ணியின் தாளை எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டேன். நான்கு பிழைகள் விட்டுப் போயிருந்தன. எல்லாம் வரியின் கடைசியிலும் தொடக்கத்திலும். ஏன் என்று எனக்கே புரிந்தது. அவர் கண் தாண்டி விழுகிற இடைவெளியில் என் குரல் போய் நிற்கிறது. எட்டு என்று நான் சொன்னதும் அவர் எட்டைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். பதினோரு வருடம் தெளிவாகப் படித்துப் பழகியதன் பலன் அது.

அவர் பேனாவை எடுத்தேன். பிழையைச் சுற்றி வட்டமிட்டு, வட்டத்தின் அடியில் சின்ன வால் ஒன்றை இழுத்துவிடுவது அண்ணியின் வழக்கம். நானும் வாலை இழுத்தேன். நான்கு வட்டம், நான்கு வால். வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதாதவள் நான். எல்லோரும் மேலே வருவதற்குள் தாளை ஸ்கேல் சார் மேசையில் வைத்துவிட்டேன்.

ஒரு நாள்தானே என்று தொடங்கியது. பிறகு தினமும் எனக்குத் தொண்டை கட்டியது. அண்ணனிடம் சொல்லி அண்ணி எனக்குத் தேன் வாங்கி அனுப்பினார். அதை நான் என்ன செய்வேன், சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ஸ்கேல் சார் பலகையில் அறிக்கை ஒட்டுவார். எங்கள் இணைக்கு நேரே 'விடுபட்ட பிழைகள்: பூஜ்யம்' என்று இருக்கும். முதல் வெள்ளி அண்ணி அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாம் வெள்ளி சிரித்தார். மூன்றாம் வெள்ளி மாடிப்படி இறங்கும்போது என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். அதுவரை அண்ணன் வீட்டில் ஒவ்வொரு வாசலிலும், "படி இருக்கு, படி இருக்கு" என்று அறிவித்துக்கொண்டே இருந்தான். "ஏங்க, நான் என்ன உங்க லிப்டா? மாடிக்கு மாடி சொல்லிக்கிட்டே வரீங்க" என்று அவர் அவனை அடக்கினார். அந்தக் குரல் திரும்பிவிட்டதில் நாங்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம், என்னைத் தவிர.

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அது முழு உண்மையும் இல்லை. எதிரே வேறொரு முகம் வந்து உட்கார்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் மூச்சு விடும் இடத்தில் பேனாவை நிறுத்தி, இருமினால் இரண்டு சொல் பின்னால் போய்க் காத்திருக்கிற அந்த ஒருவர் இல்லாவிட்டால் நான் வெறும் சத்தம். எனக்குப் பயமாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. அண்ணி தாடையை வைத்து, புள்ளியைப் பார்த்து, எழுந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "இப்ப பாருங்க" என்று உட்கார்ந்தார். சின்னப் பெண் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் வைத்தாள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன.

"கொஞ்சம் முன்னேற்றம் இருக்கு. ஆனா நான் இன்னும் எதிர்பாத்தேன்" என்றாள். "வேலையில எப்படி இருக்கு? எண்ணு, எழுத்து விட்டுப் போகுதா?"

"ஒண்ணுகூட இல்ல. ஆறு வாரமா பூஜ்யம்" என்றார் அண்ணி. அறிக்கைப் பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார்.

அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். "அப்படி இருக்க முடியாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். பிறகு, பொதுவாக விளக்குகிறவள் போல எங்கள் இருவரையும் பார்த்து, "ஆராய்ச்சியில ஒரு வேல செய்வாங்க. புள்ளி வலப்பக்கம் தோணும். கண்ணு கிளம்பும். கண்ணு பாதி வழியில இருக்கும்போதே கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிய நகத்தி வெச்சிடும். தாவும்போது பாக்க முடியாதுல்ல, அதனால நகத்தினது அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. இப்ப உங்கள மாதிரி தாண்டிப் போற கண்ணுக்கு, அது போய் விழுற எடத்துலயே புள்ளிய வெச்சிட்டோம்னு வைங்க. கண்ணு என்ன நினைக்கும்? சரியாத்தான் வந்திருக்கோம்னு நினைக்கும். அப்புறம் அது எதுக்குத் திருத்திக்கணும்? தப்புத் தெரிஞ்சாத்தான் அது கத்துக்கும். அதுவும் உடனே தெரியணும். நாளைக்குச் சொன்னா பிரயோஜனம் இல்ல" என்றாள்.

அவள் என்னைக் குறித்துச் சொல்லவில்லை. நான் செய்தது அவளுக்குத் தெரியாது. ஆனால் ஆறு வாரமாக மதிய வேளைகளில் புள்ளியை நகர்த்தி நகர்த்தி வைத்தது நான்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்து இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய மருந்தை.

வெளியே வாகனங்கள் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு சிமெண்ட் இருக்கை இருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று அண்ணி அதில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. தொண்டை கட்டியது பொய் என்பதில் தொடங்கி, வட்டம், வால், எல்லாம். வெயில் அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"எத்தன?"

"எண்ணல அண்ணி."

"நீயா எண்ணல?"

"நூத்திப் பதினாலு."

அண்ணி தலையாட்டினார், ஏதோ விலாசம் கேட்டுத் தெரிந்துகொண்டது போல. பிறகு, "நடுவுல ஒரு நாள் நீ லீவு போட்டிருந்தா?" என்று கேட்டார்.

போடவில்லை என்பதுதான் பதில். காய்ச்சலோடு ஒருநாள் போனேன். அன்று ஐந்து பிழைகள், அவற்றில் ஒன்று குழந்தைகளுக்கான சொட்டு மருந்தின் அளவு.

"நான் சிரிச்சனே" என்றார் அண்ணி. "அந்தப் பலகையப் பாத்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சிரிச்சனே. நீ பக்கத்துலதான நின்ன."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினோரு வருடத்தில் அவர் முகத்துக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னந்தலை எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை நான் போவதற்குள் அண்ணி ஸ்கேல் சார் அறையில் இருந்தார். நான் தினமும் குறித்து வைத்து முந்தின நாள் அவரிடம் கொடுத்த பட்டியல், நூற்றுப் பதினான்கு வரிகள், மேசை மேல் இருந்தது. ஸ்கேல் சார் அளவுகோலை எடுத்து அந்தத் தாளின் ஓரத்தை எதற்கோ அளந்தார். கை பழகிப்போன வேலை. "வானொலி, நீ செஞ்சது என்னன்னு உனக்குத் தெரியுமில்ல" என்றார் என்னிடம். தெரியும் என்றேன். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார். பிறகு அண்ணியிடம் திரும்பினார். "நீங்களா வந்து சொன்னதால கேக்கறேன். என்ன வேணும் உங்களுக்கு?"

"பதினஞ்சு நாள் குடுங்க. அதுவரைக்கும் எங்க தாள எல்லாம் இன்னொருத்தர் மறுபடி பாக்கட்டும். அப்புறம் சோதனைத் தாள் வைங்க. இருபது தப்பு போட்டு வைப்பீங்களே, அது. நானே தனியா பாக்கறேன், வானொலி இல்லாம."

"ரெண்டுக்கு மேல விட்டா?"

"நானே கட்டுப் போடப் போயிடறேன். நீங்க அனுப்ப வேணாம்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் சிமெண்ட் இருக்கைக்குப் பிறகு அண்ணி என்னிடம் முதல் முறையாகப் பேசினார். "வீட்டுக்கு வா. வரும்போது தப்பு தப்பா அடிச்சு எடுத்துட்டு வா" என்றார். அது சமாதானம் இல்லை, வேலை. ஆனாலும் ஓடினேன்.

முறை அவரே வகுத்தது. பழைய மருந்துத் தாள்களை நான் கணினியில் அடித்து, ஒவ்வொன்றிலும் இருபது பிழைகளை ஒளித்து வைக்க வேண்டும். எங்கே என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். வழக்கம்போல நான் மூலத்தைப் படிப்பேன், அவர் பார்ப்பார். ஒரு பிழையை அவர் தாண்டிய அந்தக் கணமே நான் மேசையைத் தட்ட வேண்டும். சொல்லக் கூடாது, காட்டக் கூடாது, தட்டினால் போதும். அவர் பின்னால் போய்த் தானே தேடிக்கொள்வார்.

முதல் நாள் என் கை எழவில்லை. பிழை தாண்டிப் போய்விட்டது, நான் படித்துக்கொண்டே இருந்தேன். தட்டுவது என்ன பெரிய காரியம், கொசு அடிப்பதில்லையா. ஆனால் தட்டும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம் விழுவதை நான் பார்த்தாக வேண்டும். மூன்று வரி கழித்து அண்ணியே நிமிர்ந்தார்.

"ஒண்ண விட்டுட்டேன்ல?"

"ஆமா."

"ஏன் தட்டல?"

நான் தாளின் ஓரத்தை நேராக்கினேன்.

"உன் பாவத்த எல்லாம் மூட்ட கட்டி வாசல்ல வெச்சிட்டு உள்ள வா. இங்க எனக்கு அது வேணாம். தட்டு."

தட்டினேன். அன்று பதினோரு முறை. பக்கத்து அறையிலிருந்து அண்ணன், "என்ன அங்க, சண்டையா?" என்று கேட்டான். "இல்ல, உங்க தங்கச்சி என்னைத் திருத்திக்கிட்டிருக்கா" என்றார் அண்ணி. பத்து நிமிடம் கழித்து அவன் தலையை நீட்டி, மேசை ஆடுகிறதா, காலுக்கு அட்டை மடித்து வைக்கட்டுமா என்று கேட்டான். நல்ல மனிதன், எது உடைந்தாலும் முதலில் எழுந்து நிற்பான். அவனை வெளியே அனுப்பிவிட்டுத் தொடர்ந்தோம்.

அடுத்த நாள் ஒன்பது. அதற்கடுத்த நாளும் ஒன்பது. ஐந்தாம் நாள் பன்னிரண்டு என்று ஏறியது, அன்று அண்ணி பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அழுதாரா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கவில்லை. திரும்பி வந்து, "எங்க விட்டோம்?" என்றார். பிறகு எட்டு, ஏழு, ஏழு, ஐந்து. நான் மெல்ல மெல்லத் தாளை விட்டு அவர் கண்ணைப் பார்க்கப் பழகினேன். பதினோரு வருடம் எதிரே உட்கார்ந்தும் அந்தக் கண்கள் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. வரியின் கடைசியிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு அவை பாயும். ஓரத்தைத் தாண்டி வெறும் வெள்ளைத் தாளில் போய் விழும். உடனே உள்ளே வரும். நாள் போகப் போக அந்த வெள்ளைத் தாளில் விழுகிற தூரம் குறைவதாக எனக்குத் தோன்றியது. தோன்றியதுதானா, உண்மையா என்று என்னால் சொல்ல முடியாது. என்னிடம் கேமரா இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது, அது நம்பத் தகுந்த கருவி இல்லை என்று பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

சோதனைக்கு முந்தின நாள் ஞாயிறு. காலையில் இரண்டு தாள் பார்த்தோம். முதலாவதில் நான்கு விட்டார், இரண்டாவதில் மூன்று. ஸ்கேல் சார் கணக்குப்படி இரண்டுமே தோல்வி. அண்ணி மூன்றாவது தாளை இழுத்து நேராக வைத்தார். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. அண்ணன் கூடத்தில் செய்தித்தாளை மடிக்கிற சத்தம் கேட்டது. படிக்க ஆரம்பித்தேன்.

பாதித் தாள் வரை அண்ணி எதையும் விடவில்லை. ஒன்பது பிழை, ஒன்பது வட்டம், ஒன்பது வால். வாய் தன்பாட்டில் படிக்க, நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மருந்தை உட்கொண்ட பிறகு, கமா, இரண்டு மணி நேரம் வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும், புள்ளி."

"நில்லு" என்றார் அண்ணி.

அந்த இடத்தில் பிழை இல்லை. நான்தான் தாளைத் தயாரித்தேன், பத்தாவது பிழை இன்னும் ஆறு வரி கீழே இருக்கிறது. விட்டுவிடுவது ஒரு வகை, இல்லாததைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? நாளைக்குக் காலையில் சோதனை.

"அண்ணி, அங்க ஒண்ணும் இல்ல. நான் அங்க எதையும் மாத்தல."

"என் தாள்ல நாப்பது நிமிஷம்னு இருக்கு."

"இருக்காது அண்ணி. நல்லாப் பாருங்க."

"நான் நல்லாத்தான் பாத்தேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நீ பாரு. உன் மூலத்த."

குனிந்து பார்த்தேன். நாற்பது நிமிடம் என்றுதான் இருந்தது. இரண்டு மணி நேரம் என்பது அதற்கு நேர் கீழே, வேறு ஏதோ ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவர் முகத்துக்கும் தாளுக்கும் போய் வந்துகொண்டிருந்த என் கண் ஒரு வரி தாண்டி விழுந்திருக்கிறது. வாயும் ஒரு சந்தேகமும் இல்லாமல் அதைப் படித்துவிட்டது.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. பேனாவை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். "பரவால்ல. திரும்பப் படி" என்றார்.

படிக்கத்தான் முயன்றேன். எங்கிருந்து என்று தெரியவில்லை. எழுத்தெல்லாம் நீரில் கிடப்பது போல இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பத்தி, இரண்டாம் பத்தி என்று தேடினேன். அண்ணி கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து என் தாளின் மேல் குனிந்தார். அவருக்கு அது தலைகீழாகத் தெரியும். அவர் கண்கள் ஒருமுறை தாளின் ஓரத்தைத் தாண்டிப் போயின, உள்ளே வந்தன, நின்றன. அங்கே விரலை வைத்தார்.

"இங்கேருந்து" என்றார். நான் இன்னும் இரண்டு வரி மேலே தேடிக்கொண்டிருந்தேன்.